அஞ்சாவது கோடு

புட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை.
அதை நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மாசி பிறந்ததிலிருந்து
ஒவ்வொரு கவளமும் நெஞ்சுக்கு மேலே நின்று
இறங்கமாட்டேன் என்றது.
தண்ணீர் விட்டு இறக்கினேன்.
பிறகு தண்ணீரும் புரைக்கேறியது.
பிறகு பாதிக் கோப்பையை
வேலிக்கு அப்பால் நின்ற நாய்க்கு.

தர்மினி கண்டுவிட்டாள்.
மருமகள் அல்லவா, ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் தேங்காய்ப்பூ கூடவாக விழுந்தது.
அதற்கடுத்த நாள் கீரிமீன் பொரியல்.
மூன்றாம் நாள்
கோப்பை மேசையில் வைபட்ட சத்தத்தில்
எல்லாம் இருந்தது.

முப்பத்தொரு வருடம்
மா ஆலையில் கணக்குப்பிள்ளை நான்.
மூட்டை லொறியில் ஏற ஏற
நாலு கோடு நேரே, அஞ்சாவது குறுக்கே.
பாதி நாடு தின்ற பாணில்
என் பென்சில் கோடு உண்டு.
இப்போது அதே பாணின் நடுச்சதை
பிளேன்டியில் தோய்த்தாலும்
தொண்டையில் பஞ்சாக நிற்கிறது.

"வயசு போனால் வீம்பு" என்றான் மகன்,
கட்டாரிலிருந்து.
பதினொரு கிலோ குறைந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரி.

எக்ஸ்ரே அறையில் வெள்ளையாய் ஒரு கரைசல்,
மா கரைத்த தண்ணீர்போல.
"நான் சொல்லேக்க விழுங்குங்கோ ஐயா."
திரையில் அது இறங்கியது,
கழுத்து நடுவில் மேடு கண்டு ஒதுங்கியது,
ஒரு நூல் மட்டும் பிரிந்துபோய்
காற்றுக்குழாய் வாசலில் எட்டிப் பார்த்தது.

முள்ளந்தண்டின் முன்பக்கம்
எலும்பு வளர்ந்து வழிந்திருக்கிறது என்றார் டொக்டர்.
நவநாள் முடிந்த மாதா கோயில் மெழுகுதிரி என்று
அவர் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.
பல், பார்வை, மூட்டுச் சவ்வு எல்லாம் தேய்கிற வயதில்
இது மட்டும் ஓவர்டைம் செய்திருக்கிறது.
வெட்டலாமாம்.
எழுபத்தெட்டில் யோசித்து வெட்டவேண்டுமாம்.

தர்மினி திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.
"அப்ப, புட்டு இல்லையா மாமா?"
"புட்டு இல்லை."
மூக்கை உறிஞ்சினாள்.
அந்த அறையில் குளிரும் கூடத்தான்.

பேச்சுச் சிகிச்சைக்கு மூதூர்ப் பிள்ளை, ரிஸ்மியா.
நாடியை நெஞ்சோடு சேர்த்து விழுங்கவாம்.
என் கழுத்து பாதி வழிதான் வரும்.
"வாறது காணும் ஐயா."

திரும்பும்போது கோட்டை வாசலடியில்
மான் ஒன்று வாழைப்பழத் தோலைத்
தலை நிமிராமலே விழுங்கிக்கொண்டிருந்தது.
ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன்.
குனிந்த கழுத்தின் நீளம் முழுக்க
அது மேல்நோக்கி ஏறியது.
ஒரு செருமல் இல்லை.
வெட்கத்தை விட்டுச் சொன்னால், பொறாமை.

இப்போது சோறும் சொதியும் பூசணியும்
ஒரே நிறக் கூழாய் வருகின்றன.
ஒரு சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம்.
எத்தனை இருமல் என்று எழுதிவைக்க வேண்டும்.
கலண்டர் தாளின் பின்பக்கம்
தர்மினி இலக்கம் போட்டு எழுதினாள்.
"அப்படியில்லைப் பிள்ளை," பென்சிலை வாங்கினேன்.
நாலு நேரே. அஞ்சாவது குறுக்கே.

நேற்றிரவு நாலோடு நின்றது.
"இன்னும் ஒண்டு வரும்" என்றேன்.
பென்சிலோடு காத்திருந்தாள்.
கரண்டி கோப்பையை வழித்தது,
வரவில்லை.

மிச்சக் கூழை
ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தாள்.
முகம் சுளித்தாள்.
"உப்பே இல்லை மாமா.
சொல்லியிருக்கலாமே."