ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள்

வான்கூவரில் மழை.
கீஃபர் தெருக் கிளினிக்கில் செவிலி பெயரைக் கூப்பிடுகிறாள்: யான்.
எழுந்து போகிறேன்.
மகன் வெளியே இருக்கட்டும் என்கிறார் மருத்துவர்.
பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால்
அம்மாக்கள் அவர்கள் முகத்தைப் பார்த்து
விடை சொல்லிவிடுகிறார்களாம்.

மொழிபெயர்க்க ஒரு பெண். கான்டனீஸ் நாக்கு;
அவளுடைய மாண்டரின் தேநீரில் நனைந்த பிஸ்கட்.
என் சோங்சிங் பேச்சு அவளுக்குக் காரம்.
இருவரும் சிரித்துக்கொள்கிறோம்.

இன்று என்ன கிழமை? இது எந்த நாடு?
பிறந்த தேதி?
எது வேண்டும் என்று கேட்கத் தோன்றியது.
சந்திரக் கணக்கில் ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று,
விசாவுக்காக மகன் திருத்திய ஒன்று.
காகிதத்தில் இருப்பதையே சொன்னேன்.
காகிதத்தோடு முரண்படக் கூடாது;
அதை மட்டும் நன்றாகக் கற்றிருக்கிறேன்.

மூன்று சொல் தருகிறேன். ஆப்பிள், மேசை, நாணயம்.
கடைசியில் கேட்பேன், மறக்காதீர்கள்.

மறப்பதா, டாக்டர்?
அறுபத்தெட்டில், பள்ளிக்கூடத்துக் கரி அறையில்
என் குற்றத்தைப் பதினோரு முறை எழுதினேன்.
ஒவ்வொரு பிரதியையும் முந்தையதோடு ஒத்துப் பார்த்தார்கள்.
ஒரு காற்புள்ளி நகர்ந்தால் இரவு முழுக்க நிற்க வேண்டும்.
இன்றைக்கும் அந்த நான்கு பக்கத்தை
மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன்.

கடிகாரம் வரையுங்கள். பதினொன்று பத்து.
வட்டம் போட்டதும் கை நின்றது.
எட்டு வயதில், மலை உச்சிக் கம்பத்தில்
இப்படித்தான் சிவப்பாய் ஒரு வட்டம் ஏறும்.
ஒன்று ஏறினால் விமானம் கிளம்பிவிட்டது.
இரண்டு ஏறினால் ஓடு.
சுரங்கத்துள் அம்மா என் மூக்கருகே விரல் வைத்திருப்பாள்,
மூச்சை எண்ணிக்கொண்டு.
ஒரு ஜூன் இரவு, உள்ளே காற்று தீர்ந்துபோனது.
காலையில் லாரிகள் வந்தன.
நாங்கள் அன்று போகவில்லை. அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு.
நான் உயிரோடிருப்பதற்குக் காரணம்
கெட்டுப்போன ஒரு டோஃபு.

முட்கள் சரியாக இருக்கின்றன என்கிறார் மருத்துவர்.

ஒரு நிமிடம். தெரிந்த விலங்கு, பறவை எல்லாம் சொல்லுங்கள்.
மாடு, பாம்பு.
மாட்டுப் பேய், பாம்புப் பிசாசு என்று
எங்கள் கழுத்தில் மாட்டிய அட்டையின் வரிசையிலேயே வந்தன.
பன்றி. வாத்து. தவளை.
எலி; அறுபதாம் வருஷத்து எலி, ருசி சொல்ல மாட்டேன்.
ஒட்டகம்கூடச் சொன்னேன், பார்த்ததே இல்லை.
மொத்தம் பதினான்கு.
வயதுக்கு நல்ல எண்ணிக்கையாம்.

ஆப்பிள். மேசை. நாணயம்.

பேருந்தில், பாஸா என்றான் மகன்.
பாஸ்.
கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்திருந்தபோதுதான்
பதினைந்தாவது வந்தது.

சிட்டுக்குருவி.

ஐம்பத்தெட்டின் வசந்தம்.
மூன்று நாள் கூரைமேல் நின்று வாணலியைக் கரண்டியால் அடித்தோம்,
எங்கும் உட்காரவிடாமல்.
பறந்து பறந்து மாய்ந்த குருவிகள்
அறுந்த பொத்தான்களாய் விழுந்தன.
பக்கத்தில் நின்ற பூகோள ஆசிரியர் ஃபூ மிங்ஜ
ஒன்றைப் பொறுக்கினார். உயிர் இருந்தது.
சாக்கில் போடவில்லை,
சட்டைக் கைக்குள் விட்டுக்கொண்டார்.
என்னைப் பார்த்தார்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பத்து வருஷம் வேறு பக்கமே பார்த்தேன், டாக்டர்.
பதினோராவது பிரதியில் மட்டும்
ஒரு வரி கூடுதல்.

நம் நிறுத்தம், அம்மா.
இறங்கி நாலடி நடந்த பிறகுதான்
கை வெறுமையாக இருப்பது தெரிகிறது.
கதவு மூடுமுன் ஓடிப்போய்
இருக்கையில் விட்ட குடையை எடுத்துவருகிறான்.
டாக்டரிடம் சொல்லிவிடாதே என்கிறேன்.
சிரிக்கிறான்.
சொல்லிவிடாதே.