இங்குனின் மோதிர விரல்

வார்டோவில் சூரியன் எட்டிப் பார்க்காத மாதம்.
கோயில் வாசலில் பனி தள்ளிவிட்டுக்
கடைசி பெஞ்சில் உட்கார்கிறேன்.

ஆர்கன் வாசிக்கிற இங்குன்
நேற்றிரவு மீன் ஆலையில்
காட் மீனோடு தன் விரலையும் கீறிக்கொண்டாள்.
மோதிர விரலில் தடித்த கட்டு.

பாமாலையில்
ஒரே சுரம் திரும்பத் திரும்ப விட்டுப்போகிறது,
பல் விழுந்த சந்துபோல.

மூன்றாம் சரணம்.
படகை வங்கிக்குப் பறிகொடுத்த தூர்லைஃப்,
அன்றிலிருந்து கோயிலில் வாய் திறக்காதவன்,
அந்தச் சந்து வரும்போதெல்லாம்
"ம்" என்கிறான்.
சுருதி சேரவில்லை.

இங்குன் திரும்பிப் பார்க்கவில்லை.
வேகத்தை மட்டும் குறைத்தாள்,
அவனுக்கு மூச்சு எட்டும்படி.

நான்
ஆமென் சொல்ல மறந்து
என் பூட்சிலிருந்து உருகி
முன் பெஞ்சுவரை ஓடிவிட்ட தண்ணீரைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.