எனக்கில்லாத அச்சுப்பொறியின் கையேடு

லியெபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்தான்.
ஒரு ஷிஃப்டில் எட்டு முறை போகிறேன்,
எட்டு முறை திரும்புகிறேன்.
வழி தவற வழியே இல்லை.
அதனால்தானோ என்னவோ
வீட்டுக்கு வந்ததும் தொலைந்துபோகிறேன்.

நேற்றிரவு தேடியது
சலவை இயந்திரத்துக்கு ஒரு ரப்பர் வளையம்.
கிடைத்தது
நான் பிறந்த வருடமே உற்பத்தி நின்றுபோன
ஒரு அச்சுப்பொறியின் கையேடு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக
ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்.
அறுபத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில்
அவர் கட்டைவிரல். நகத்தடியில் மை.

அந்த அச்சுப்பொறி என்னிடம் இல்லை.
எனக்குத் தெரிந்த எவரிடமும் இல்லை.
இறக்கி வைத்துக்கொண்டேன்.

ரப்பர் வளையம் வாங்கவில்லை.
துணிகள் தொட்டியில் ஊறுகின்றன.

மேசை இழுப்பறையைத் திறந்தால்
ஒரு கேபிளை இழுக்க ஊரே எழுந்து வருகிறது.
எந்த முனை எதற்கு என்று கேட்காதீர்கள்.
தூக்கிப்போட்ட மறுநாள்தான்
எதுவும் தேவைப்படும்,
ஓமின் விதியைவிட உறுதியான விதி இது.

"விஸ்மா, இதில் எதை
ரொட்டியில் தடவலாம்?" என்பான் ஆக்ரிஸ்.
மீன் புகையிடும் கூடத்தில் வேலை அவனுக்கு.
அவன் செய்வதெல்லாம் ரொட்டியில் தடவக்கூடியவை.

எங்கோ பிரேசிலில் ஒருவர்
தனக்காக எழுதிவைத்த அட்டவணையில்
ஓர் அலைவரிசை பார்த்தேன்.
செத்துவிட்டது என்று
கணக்கு முடித்த ஒரு செயற்கைக்கோள்.
பேட்டரி போய்விட்டது, சேமிக்க இடமில்லை.
உருண்டுகொண்டே சுற்றுகிறது.
தகட்டில் வெயில் பட்டால் விழிக்கும்,
நிழல் பட்டால் பாதிச் சொல்லில் அணையும்.
மறுபடி வெயில்.
மறுபடி முதலிலிருந்து.

திரைச்சீலைக் கம்பி இரண்டு,
ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய்,
சந்தையில் நாலு யூரோவுக்குப் பேரம் பேசிய
பழைய டிவி டாங்கிள்.
முழுசாக இருட்டாத ஜூன் இரவில், ஒன்று ஐம்பதுக்கு,
பால்கனியில் ஆக்ரிஸ்,
புகைமீன் வாசம் போகாத கையில் ஆன்டெனா.
எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி
ஒன்று மட்டும் சொல்கிறேன்:
தொப்பி வாங்கினால் இரண்டாக வாங்குவோம்.

"இடது. இன்னும் இடது. என்னுடைய இடது."
"உன்னுடைய இடது கடலில் இருக்கிறது."

திரையில் நீல இரைச்சல் அருவியாக வழிந்தது.
ஏழு நிமிடம் ஒன்றுமில்லை.
யாரோ வீட்டு மைக்ரோவேவ் இடையில் பேசியது,
ஏமாந்தோம்.
பிறகு

ஒரு மஞ்சள் கோடு,
மெலிந்து,
நெளிந்து,
சரிந்தபடி இறங்கி வந்தது.

ஒலியைத் திறந்தேன்.
கெட்டில் கொதிப்பதற்கு முன் முனகுமே, அந்தச் சத்தம்.
விட்டு விட்டு.
சொல்வதற்கு அதனிடம் இருப்பதெல்லாம்
தன் பெட்டிக்குள் எத்தனை டிகிரி,
மின்னழுத்தம் எத்தனை.
கேட்க ஆளில்லாதபோதும் அதைத்தான் சொல்லியிருக்கும்.
இப்போது இரண்டு பேர் கேட்பதும்
அதற்குத் தெரியாது.

கோடு அறுந்து நீலம் மூடியது.
கையை இறக்கலாம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.
அவனும் இறக்கவில்லை.

"திரும்ப எப்போது வரும்?"
ரொட்டியில் தடவ முடியாத ஒன்றைப் பற்றி
முதல்முறையாகக் கேட்டான்.

மூன்று நாற்பதுக்கு, என்றேன்.
என் முதல் வண்டி ஐந்து பத்துக்கு.

தூங்கவில்லை.
மூன்று நாற்பதுக்கு வரவுமில்லை,
வந்து, நிழலில் உருண்டபடி கடந்திருக்கலாம்.
ஆக்ரிஸ் ஊறிய துணிகளைக் கையால் பிழிந்து
ஆன்டெனா மேலேயே காயப்போட்டான்.

முதல் சுற்றின் கடைசி நிறுத்தம்.
நாலு நிமிட ஓய்வு.
கண் எரிய, போனில் அந்தக் கையேட்டைத் திறந்தேன்.
அறுபத்தேழாம் பக்கம்:
தாள் சிக்கினால் பதற வேண்டாம்.
மூடியைத் திறக்கவும்.
வந்த திசையிலேயே, மெதுவாக,

மீதி அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.
பின்னாலிருந்து யாரோ மணியடித்தார்கள்.