புள்ளிக் கணக்கு

மூன்றாம் நாளாக அளக்கிறேன்.
கோனாபட்டில், முன்தெருவில் தொடங்கிப்
பின்தெருவில் முடிகிற வீடு.
முகப்பு நிலையில் லேசரை வைத்தால்
ஐந்து வாசல் தாண்டி ஓடும் சிவப்புப் புள்ளி
தங்க இடமின்றிக்
கொல்லை வழியே வெளியேறிவிடுகிறது.
ஒரு தட்டைப் பிடியுங்கள் என்றேன்.
தட்டெல்லாம் பூட்டுக்குள் என்று
உள்ளங்கையை விரித்து நின்றார் காவல்கார சேவுகன்.
அறுபத்திரண்டு மீட்டர், நாற்பது சென்டிமீட்டர்.

பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப் படிவம் இருக்கிறது.
சுவர்: செங்கல், சுண்ணாம்பு, முட்டை வெள்ளைப் பூச்சு.
கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் சில்லென்கிறது;
அதை எழுதக் கட்டமில்லை.
தூண்: பர்மாத் தேக்கு, வளவில் இருபது.
தட்டிக்கொண்டே போனேன்.
பத்தொன்பது மரமாய்ப் பேசின.
ஒன்று ணங் என்றது.
"அது தேனப்பன் பங்கு."
இரவில் லாரி வந்ததாம், இரும்புக் குழாய் வந்ததாம்,
வார்னிஷ் வந்ததாம்,
பிறகு கேஸ் வந்ததாம்.

உரிமையாளர் பெயருக்குப் படிவத்தில் மூன்று வரி.
வீட்டுக்கு அறுபத்தொரு புள்ளி.
ஈப்போவில் பதினாலு, சென்னையில் முப்பது,
நியூஜெர்சியில் ஒரு புள்ளிக்கு
விவாகரத்து நடக்கிறது.
அரைப் புள்ளியின் கையெழுத்து செல்லுமா என்று
வக்கீலைக் கேட்டிருக்கிறார்கள்.
விற்க எல்லாக் கையெழுத்தும் வேண்டும்.
இடிக்க எல்லாக் கையெழுத்தும் வேண்டும்.
காக்கவும்.

பக்கத்து வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர்,
ஒருவர் சொல்லை ஒருவர் தட்டாதவர்கள்.
ஒரே மாதத்தில் இறக்கி
நிலை, கதவு, உத்தரம் எல்லாம் எடைக்குப் போட்டார்கள்.
மனையில் ஆமணக்கு ஆளுயரம்.

மேற்கு வரிசை, ஏழாவது அறை.
சாவி உமையாளிடம், உமையாள் ஈப்போவில்.
கதவில் காதை வைத்தேன்.
முந்தாநாள் மழை உள்ளே
இன்னும் பெய்துகொண்டிருந்தது,
சொட்டு, சொட்டு.
ஓடு நகர்ந்தது எல்லாருக்கும் தெரியும்.
திருப்பி வைக்கத்தான்
யாருக்கும் தனியாக உரிமை இல்லை.

வரைபடத்தில் ஒரு வழக்கம்:
கண்ணால் காணாததைப்
புள்ளிக்கோட்டில் போட வேண்டும்.
இருபத்தேழு அறையில் பதினாறை அப்படிப் போட்டேன்.
தாளில் பாதி வீடு
கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி
கோடு இழுக்கக் காத்திருக்கிறது.

மாலையில் சேவுகன் எட்டிப் பார்த்தார்.
"நான் கையை நீட்டின இடம் எது?"
விரல் வைத்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
"அந்தச் சுவரில் கரையான் ஏறுது,
அதையும் போட்டுக்குங்க" என்றார்.

கரையானுக்கு என்ன குறி என்று
கையேட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.