பயணப்படி

பெங்களூரில் ஐந்தாம் நாள் மதியம்
வரிசையில் இருபத்தெட்டுப் பேர்.
நெஞ்சில் எண், முதுகில் அதே எண்.
எனக்குப் பதினேழு.
அந்த அதிகாரி வாசித்தது இரண்டே இரண்டு:
நான்கு.
பத்தொன்பது.
அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு
என்னைத் தாண்டிப் போனார்.

எண்ணுடுப்பைக் கழற்றி மடித்துக் கொடுத்தோம்.
கையெழுத்துப் போட்டுப்
பயணப்படி வாங்கினோம்,
போகவர டிக்கெட் காசு, பைசா சுத்தமாக.
ஜன்னலுக்குப் பின்னாலிருந்த ஹவில்தார்
இந்தியில் சொன்னார், எனக்கே புரிந்தது:
முதல் தடவைக்கு மட்டும்தான் இது,
அடுத்த முறை வந்தால் கிடையாது.

அடுத்த முறை என்று
அன்றைக்கு என்னிடம் சொன்ன
ஒரே ஆள் அவர்.

பேருந்து திருமயம் தாண்டும்போது விடிந்தது.
பாறை மேல் கோட்டை.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பள்ளத்தூரில் இறங்கினேன்.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து
முகர்ந்து பார்த்து
வாளியில் போட்டாள்.
மளிகைக்கடைச் சாத்தையா மட்டும்
"என்ன வந்துச்சு?" என்றார்.
"நாலும் பத்தொன்பதும்" என்றேன்.
லாட்டரி என்று நினைத்துக்கொண்டார்.

ஏன் என்று அவர்கள் சொல்வதில்லை.
நானாகத்தான் தோண்டினேன்.
மூன்றாம் நாள், மைதானம்,
இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே
பலகை ஒரு முழம் குறைந்தது.
கயிற்றால் இரண்டு பலகையைச் சேர்த்துக் கட்டலாம்,
எனக்குத் தெரியும்.
ஒன்பது சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.
முடிக்கட்டும் என்று நின்றேன்.
அவள் முடிக்கவேயில்லை.

எங்கள் தெருக்கோடியில் பூட்டிய வீடு ஒன்று.
முன்வாசல் எங்கள் தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
உடையவர்கள் பினாங்கிலோ பாரிசிலோ.
பின்சுவர் ஆறடி இருக்கும்.
விடியுமுன் அதில் ஏறிக் குதித்தேன்.
முதல் நாளே
நைட் டூட்டி அடைக்கலம்,
என்னைவிட மூன்று வயது பெரியவன்,
டார்ச்சை முகத்தில் அடித்து
"எவடி அவ?" என்றான்.
சொன்னேன்.
பெயர், பரங்கிமலை அகாடமி, பெங்களூர்,
பலகை, ஒன்பது, மறுபடி எழுதப்போகும் பரீட்சை,
எல்லாம்.
நடுவில் அவன் இரண்டு தரம் வாயெடுத்தான்.
நான் நிறுத்தவில்லை.

"அந்த மூலையில கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கு,
இங்கிட்டு ஏறு" என்றான்.

அவனிடம் ஒரு நோட்டு உண்டு,
வருவோர் போவோர் பெயரெழுத.
வருவோர் யாருமில்லாத வீடு.
அன்றிலிருந்து தினமும் ஒரு வரி:
அழகுமீனாள், 5.10,
வந்த காரணம்: சுவர்.

மாலையில் காரைக்குடி போய்
செக்காலை ரோட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன்.
ஆடி மாதம் கால் வீங்கியது.
எழுத்துத் தேர்வு தேறியது அதே கடையில்,
கல்லாவுக்கடியில் போனை மறைத்து வைத்துப் பார்த்தேன்.
கத்த முடியவில்லை,
ஒரு அம்மாள் பாவாடைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நேற்று படிவம் நிரப்பினேன்.
இதற்கு முன் கலந்துகொண்டதுண்டா?
போன தடவை "இல்லை" என்றதோடு முடிந்தது.
இந்தத் தடவை கட்டம் கட்டமாய்க் கேட்கிறது:
எந்த ஊர், எந்தத் தேதி,
எந்த அணி, எந்த எண், என்ன முடிவு.
பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பையன்
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
"அக்கா, இத எழுதாம விட்டா என்ன?" என்றான்.
பதினேழு என்று
கட்டத்துக்குள் அடங்க எழுதினேன்.
முடிவு என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது, பொய் சொல்வானேன்.
பிறகு எழுதியது.

பஸ் கவுண்டரில் கேட்டார்கள்,
திரும்புவது எப்போது?
தெரியாது.
தேறினால் மருத்துவச் சோதனைக்குத் தங்கவேண்டும்,
தேறாவிட்டால் முதல் நாள் சாயங்காலமே அனுப்பினாலும் அனுப்புவார்கள்.
போக மட்டும் எடுத்தேன்.
வருவதற்கான காசு,
நானே சம்பாதித்த எழுநூற்றைம்பது ரூபாய்,
சாக்ஸுக்குள் இருக்கிறது.

இன்றைக்கு விடியலில் அடைக்கலத்திடம்
ஒரு வாரம் வரமாட்டேன் என்றேன்.
தலையை ஆட்டிவிட்டு
நோட்டைப் புரட்டி
ஏழு வரிக்குத் தேதி மட்டும் போட்டு
பெயரை விட்டுவைத்தான்.