போகும்போது லீக்ஸ்

போகும்போது லீக்ஸ், கரட்.
வரும்போது இரண்டு கேன் கடல்.
வியாழன்தோறும் பெனடிக்டின் லொறி
நீர்கொழும்பிலிருந்து ஏறி வருகிறது.
ஒருமுறை கினிகத்தேனை வளைவில்
மூடி கழன்று ஒரு கேன் சாய்ந்ததாம்.
"தார் ரோட்டில கொஞ்ச நேரம் கடல் இருந்திச்சு மிஸ்,
பிறகு மழை வந்து கழுவிட்டுது" என்றான்,
மழையின் குற்றம் போல.

டிக்கோயா ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில்
முன்னறை மேசைமேல் இரண்டடி உயரத் தொட்டி.
அகலம் குறைந்தாலும் உயரம் வேண்டும்:
ஆணும் பெண்ணும் முகம் பார்த்தபடி
நின்றவாக்கில் மேலெழும்பித்தான்
முட்டை கைமாறும்.

ஆறு வாரம் அதில் ஒன்றையும் விடவில்லை.
ஓர் இறாலை அழுகவிட்டு
கண்ணுக்குத் தெரியாதவை குடியேறக் காத்திருந்தேன்.
சோதனைக் குழாயில் துளி விட்டு நிறம் பார்ப்பேன்.
மஞ்சள், பச்சை, மறுபடி மஞ்சள்.
"தண்ணியையா வளர்க்கிறீங்க அக்கா?"
கரண்ட் பில்லில் பாதி கட்டுகிற பர்சானா கேட்டாள்.
ஆமாம் என்றேன். அதுதான் உண்மை.

வடிகட்டியின் வாய்க்கு ஸ்பொஞ்ச் கட்டினேன்;
இழுப்புக் கூடினால்
இந்தக் குதிரைகளுக்கு ஓடத் தெரியாது.
வால் சுற்றிப் பிடிக்கப் பவளத்துக்கு எங்கே போவது?
கொழுந்துச் சாக்குக் கட்டும் பச்சை நைலோன் கயிறு
மூன்று துண்டு, அடியில் கல்.
அதைக் கடற்புல் என்று நம்பிக்கொண்டன.
கொழும்பில் இவற்றை வைத்திருப்பவர்கள்
தண்ணீரைக் குளிரவைக்கப் பணம் கட்டுகிறார்கள்.
நான் சூடாக்கக் கட்டுகிறேன்.

முதல் சோடி செத்தது.
காற்றுக்கல்லைத் தப்பாக வைத்தேனோ என்னவோ,
ஆணின் பைக்குள் குமிழி புகுந்து
இரண்டு நாள் தலைகீழாய் மிதந்தது.
பெண் அடுத்த கிழமை.
அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

இரைப்பை இல்லாத பிராணி.
தின்றது நிற்காது, நாளுக்கு மூன்று தரம் போடவேண்டும்.
கவிழ்த்த சோடாப் போத்தலில் உப்புத் தண்ணி, காற்று,
ஆர்ட்டீமியா முட்டை அரைக் கரண்டி;
ஒரு நாளில் செம்மஞ்சள் புழுதி உயிர்த்து நீந்தும்.
எனக்கு இரவு டியூட்டி என்றால்
பர்சானா முகம் சுளித்துக்கொண்டே போடுவாள்.
போட்டுவிட்டு அரை மணி அங்கேயே நிற்பாள்.
எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

போயாவுக்கு முதல் நாள் இரவு கரண்ட் போனது.
வெந்நீர்ப் போத்தல்களை மிதக்கவிட்டு
பற்றரிப் பம்பை மாட்டி
டோர்ச் அடித்தேன்.
அவன் கயிற்றை விட்டிருந்தான்.
இறுகி, மடங்கி, நிமிர்ந்து, இறுகி.
பத்தொன்பது வருஷம் வார்டில்
என் உள்ளங்கை படித்த இறுக்கம்.
பை வாய் திறந்து ஒரு கொத்து,
பிறகு ஒன்றுமில்லை,
பிறகு இன்னொரு கொத்து.
வெட்டிய நகத்துண்டு அளவு,
ஒவ்வொன்றும் முழுக் குதிரை.
பழக்கத்தில் கைகளைத் துடைத்தேன்.
வெட்டக் கொடியில்லை.
முக்கம்மா முக்கு என்று அதட்ட ஆளில்லை.
பெண் எதிர்க் கயிற்றில் சும்மா இருந்தாள்.
"அக்கா, இவருக்கு வலிக்குமா?"
வலிக்கும் என்றேன். தெரியாமல்தான் சொன்னேன்.

நூற்று எழுபதுவரை எண்ணி விட்டுவிட்டேன்.
காலையில் வார்டுப் பதிவேட்டை விரித்தபோது
'தாயின் பெயர்' கட்டத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
பிறகு நோர்வூட் யோகமலர் என்று எழுதினேன்.
பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு.

இன்றைக்கு மூன்றாம் கிழமை,
பதினொரு குஞ்சு மிச்சம்.
அவன் மறுபடி முழுகாமல் இருக்கிறான்.
தண்ணீருக்குள்ளேயே கிடப்பவனை
வேறெப்படிச் சொல்வது?
பெனடிக்டுக்கு அழைத்தேன்.
இந்த வியாழன் மூன்று கேன்.
மூடியை இறுக்கச் சொன்னேன்.