தேய்மானம்

நாற்பது வெட்டு. அதற்குமேல் இந்த வாள் தாங்காது
என்று எழுதியவள் நான்தான்,
சத்துவாச்சாரியில் ஒரு மாடியறையில்.
வெளியே நூற்றெட்டு டிகிரி.

முதலில் அறுபது வைத்திருந்தேன்.
அறுபதில் கொல்லர்கள் பட்டினி;
பட்டறை வாசலில் சும்மா நின்று நின்று
ஆட்டத்தைவிட்டே போனார்கள்.
முப்பதில் வீரர்கள் என்னைத் திட்டினார்கள்,
என் அம்மாவையும் சேர்த்து.
ஆகவே நாற்பது.

ஒவ்வொரு பூதம் சாகும்போதும் பன்னிரண்டு காசு
காற்றிலிருந்து பிறக்கிறது.
அதனால் ஓட்டைகள் வைப்பது என் வேலை:
படகுக் கூலி, சந்தை வரி, கிடங்கு வாடகை,
சாணை பிடிக்க மூன்று காசு,
எதற்கும் உதவாத மயிலிறகுத் தொப்பி ஆயிரம் காசு.
ஓட்டை சிறுத்தால் ரொட்டி விலை ஏறும்.
பெருத்தால் ரொட்டி வாங்க ஆளிருக்காது.
பேர்ணாம்பட்டிலிருந்து ரிஸ்வானா ராத்திரி கேட்பாள்,
"இன்னிக்கு எவ்ளோ வடிஞ்சுது?"
தண்ணீர்த் தொட்டியைச் சொல்கிறோம் என்று
கீழ்வீட்டுக்காரர் எழுந்துபோய் மோட்டார் போடுவார்.

மார்ச்சில் தோல் பதனிடுதலைச் சேர்த்தேன்.
ஒரு தோல், இரண்டு படி உப்பு, ஒரு கட்டு ஆவாரம்பட்டை.
அளவு சொன்னது ராணிப்பேட்டை தேவசகாயம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்:
"நாத்தத்த எதுல வெப்பீங்க?"
நாற்றத்துக்கு என்னிடம் எண் இல்லை.
"கழிவுத்தண்ணி எங்க போவுது?"
எங்கும் போகவில்லை. பொத்தானை அழுத்தினால் தோல் செருப்பாகிவிடும்.
மிச்சம் என்ற ஒன்றை நான் எழுதவே இல்லை.

பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஓட்டும்போது அது உறுத்தியது.
என் ஆட்டத்தில் ஆற்றுமணல்
மூன்று மணி நேரத்துக்கொருமுறை திரும்ப முளைக்கும்.

ஏப்ரல் பதினேழு. சந்தையில் உப்பில்லை.
நான்கு காசுக்கு விற்ற படி நூற்றுப்பத்து.
தோல்காரர்கள் கத்துகிறார்கள்.
வாங்கியது அத்தனையும் ஒரே கை. பெயர் ஷுட்கி.
இரவு இரண்டிலிருந்து ஐந்துவரை மட்டும் வருகிற ஆள்.

பதுக்கல்தான், கணக்கை முடக்கிவிடலாம் என்று விரலை வைத்தபிறகே
பட்டியலைப் பார்த்தேன்.
ஒரு படிகூட விற்கவில்லை.
உள்ளே நுழைந்து ஒரு மணி நேரம் ஆகாத புதுசுகளுக்கு
ஆளுக்கு இரண்டு படி, சும்மா.
முந்நூற்றுப் பதினோரு பேர்.
முதல் செருப்பு தைத்தவர்கள்
ஷுட்கியைச் சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள்.
நன்றி சொல்ல நாங்கள் பொத்தான் வைக்கவில்லை,
குதிக்கத்தான் வைத்திருந்தோம்.

எந்த ஊர் என்று பார்த்தேன். வேலூர்.

ஏன் இலவசம் என்று எழுதிக் கேட்டேன்.
மறுநாள் மூன்றரைக்குப் பதில்:
'ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் இருக்கிறோம்.
நாங்கள் வந்த அன்று பக்கத்து அறைக்காரர்கள்
ஸ்டவ்வையும் அரை மூட்டை அரிசியையும் விட்டுவிட்டு
மால்டா வண்டி ஏறினார்கள்.
உப்புப் பொட்டலமும் இருந்தது.'
ஷுட்கி என்றால் கருவாடாம்.

சந்தையைச் சரிசெய்தாக வேண்டும், சம்பளம் அதற்குத்தான்.
ஒரே வரி எழுதினேன்:
புதிதாய் வரும் ஒவ்வொருவர் பையிலும்
தானாகவே இரண்டு படி உப்பு.
விற்க முடியாது, கைமாற்ற முடியாது.
மூன்றே நாளில் படி ஐந்து காசுக்கு இறங்கியது.
ரிஸ்வானா கைதட்டும் படம் அனுப்பினாள்.

இப்போது யாரும் குதிப்பதில்லை.
பையைச் சுற்றி யார் குதிப்பார்கள்?

மே இரண்டுக்குப் பிறகு ஷுட்கி வரவில்லை.
குணமாகி ஊர் போயிருக்கலாம்.
மால்டா வண்டியின் நேரத்தைக்கூடப் பார்த்து வைத்தேன், எதற்கென்று தெரியாமல்.

கிடங்கில் இன்னும் நாற்பது படி இருக்கிறது.
வாடகை தினம் ஒரு காசு, நான் வைத்த ஓட்டைதான்.
கணக்கில் மீதம் பத்தொன்பது காசு.
இன்று பதினெட்டு.